வாசகர் கேள்வி பதில்: உகாண்டாவுக்கு மூட்டை கட்டும் முன்

சென்ற இதழில், உகாண்டாவில் முக்கோனோ என்ற ஊரில் நான் இருந்த நாட்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், உகாண்டாவுக்குக் கிறிஸ்தவ ஊழியப் பயணம் கிளம்பும் சபைகளிலிருந்து கடிதம் மேல் கடிதம். நான் ஊழியக்காரன் இல்லை. அங்கே எட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆனால் நம் ஊரிலிருந்து வரும் குழுவை என்டெபே ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவது, வராத பெட்டியைத் தேடி அலைவது, காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஜனவரியில் 12 பேர் போகிறோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார் டிராவல்ஸ்காரர். போய்வந்த ஒருவரோ, “அங்கே யாரும் பார்க்கவே இல்லை” என்கிறார். எது சரி?
வாலிபர் சங்கச் செயலாளர், பாளையங்கோட்டை

டிராவல்ஸ்காரர் சொல்வதுதான் சரி. உகாண்டா விசா ஆன்லைனில் வாங்குவது, சுற்றுலா விசாவுக்கு 50 டாலர், விண்ணப்பத்தோடு ஊசிச் சான்றிதழையும் ஏற்றச் சொல்வார்கள். அங்கே இறங்கும்போது ஒரு நாள் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது நம் ஊர் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எத்தனை பெரிய போதகர் ஐயர் சிபாரிசு செய்தாலும் நடக்காது.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், மத்திய அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும், 2016-லிருந்து விதி அப்படித்தான். உங்கள் 12 பேரில் முட்டை அலர்ஜி உள்ளவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர், 60 வயது தாண்டியவர் இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அட்டையைக் கைப்பையில் வையுங்கள். சூட்கேஸில் வைத்துப் பூட்டி அதை விமானத்தின் வயிற்றில் ஏற்றிவிட்டு, கவுண்டரில் நின்று முழித்த ஒரு சபை மூப்பரை எனக்குத் தெரியும்.

அப்புறம், சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: உங்களை அழைக்கும் சபையிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அவர்கள் குடியேற்ற அலுவலகத்தில் கேட்டு, எந்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் அனுப்பட்டும். அழைப்புக் கடிதத்தின் நகல் ஆளுக்கு ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நான்கு மூட்டை பழைய துணி, 500 நோட்டுப் புத்தகம், டாக்டர்கள் கொடுத்த சாம்பிள் மருந்து எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எடை அதிகமாகாமல் எப்படிக் கொண்டுபோவது?
ஒரு போதகர், நாசரேத் பக்கம்

வருத்தப்படாமல் கேளுங்கள் ஐயா. துணி மூட்டையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

கம்பாலாவில் ஓவினோ என்று ஒரு சந்தை இருக்கிறது. அரசாங்கப் பெயர் செயின்ட் பாலிகுடெம்பே மார்க்கெட், 1885-ல் விசுவாசத்துக்காக வெட்டுப்பட்ட ஜோசப் முகாசா பாலிகுடெம்பேயின் பெயர் அது. உள்ளே நுழைந்தால் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பேல் பேலாக வந்து இறங்கிய பழைய துணி, ஆள் உயரத்துக்கு. ‘மிவும்பா’ என்பார்கள். அதைப் பிரித்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அளவு குறைத்துத் தைத்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஏற்கெனவே உலகம் முழுக்கப் பழசைக் கொண்டுவந்து கொட்டும் ஊருக்கு நாமும் கூடுதல் எடைக் கட்டணம் கட்டி நாலு மூட்டை கொண்டுபோக வேண்டுமா?

ஒரு குழு இரண்டு பை நிறைய சுடிதார் கொண்டுவந்தது. அந்த ஊர் போதகரின் மனைவியான ஐயரம்மா முழங்காலிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, மூன்று தடவை நன்றி சொன்னார். குழுவுக்கு ஒரே சந்தோஷம், போட்டோ எல்லாம் எடுத்தார்கள். பெரியவர்களையும் விருந்தாளிகளையும் பெண்கள் முழங்காலிட்டு வாழ்த்துவது உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா ராஜ்யத்தின் வழக்கம், துணிக்காக விழுந்து கும்பிட்டார்கள் என்று இங்கே வந்து சாட்சி சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு நான் போனபோது ஒரு டாப் அடுப்படி ஜன்னலில் திரையாகத் தொங்கியது, நல்ல நீலக் கலர். இடுப்பு வரை இரண்டு பக்கமும் கிழிந்தது போல இருக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டு எந்த ஐயரம்மா கோயிலுக்குப் போவார்?

நோட்டு அங்கே கடையிலேயே கிடைக்கும். அந்தப் பள்ளி எந்த நோட்டு கேட்கிறதோ அதையே வாங்கலாம், கடைக்காரருக்கும் நாலு காசு.

மருந்து விஷயம் இன்னும் சிக்கல். உகாண்டாவில் தேசிய மருந்து ஆணையம் என்று ஒன்று உண்டு, அதன் அனுமதியில்லாமல் தானமாகக்கூட மருந்து கொண்டுபோகக் கூடாது. சாம்பிள் பட்டைகளில் பாதி ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும். கொடையாகப் போகும் மருந்துக்குப் போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷம் பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. உங்கள் குழுவில் டாக்டர் இருந்து முகாம் நடத்துவதாக இருந்தால் அவர் அங்குள்ள மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்ய வேண்டும். டாக்டர் இல்லையென்றால் முகாம் என்ற பேச்சே வேண்டாம். நம் ஊரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தால் விடுவோமா?

அப்படியானால் என்னதான் கொண்டுபோவது? உங்களை அழைக்கும் சபைக்கே போன் பண்ணிக் கேளுங்கள். ஒரு சபை எங்களிடம் கேட்டது பிளாஸ்டிக் நாற்காலி, 40. கம்பாலாவிலேயே வாங்கி லாரியில் ஏற்றினார்கள். அதில் போட்டோவுக்கு ஒன்றுமில்லை என்று குழுவில் சிலருக்கு மனக்குறை.

ஜெபத்தோடு போகிறோம், மலேரியா மாத்திரை அவசியமா? வேறு என்ன நோய்க்குப் பயப்பட வேண்டும்?
ஓய்வுபெற்ற ஆசிரியை, டோனாவூர்

ஜெபமும் பண்ணுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள் டீச்சர். அங்கே இருப்பது மூளை வரை போகும் ஃபால்சிபாரம் வகை. எந்த மாத்திரை என்பதை உங்கள் உடம்பையும் மற்ற மருந்துகளையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்தும் நாலு வாரம் தொடர வேண்டும். இந்த நாலு வாரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டாலும் கொசுவலை வேண்டும். வந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே “ஆப்பிரிக்கா போய்வந்தேன்” என்பதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அவர் வைரல் காய்ச்சல் என்று பாரசிட்டமால் எழுதிவிடுவார்.

விக்டோரியா ஏரியைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள், தோல் வழியாக உள்ளே போகும் நத்தைக் காய்ச்சல் புழு உண்டு. இன்னொன்று, நம் ஊரில் யாரும் சொல்லாதது: வெளியே காயப்போட்ட துணி. மாம்பழ ஈ என்று ஒரு ஈ ஈரத் துணியில் முட்டை வைக்கும். அதை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டி மாதிரி வீங்கும், கட்டியின் நடுவில் ஒரு சின்னக் கண். என் முதுகில் வந்ததை எங்கள் பள்ளிச் சமையற்கார அம்மா வாஸ்லின் தடவி, காற்றுக்காகப் புழு பின்பக்கத்தை நீட்டும்வரை காத்திருந்து பிதுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து பனியன், ஜட்டி வரை இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்தினேன்.

பணம் எப்படிக் கொண்டுபோவது? ஆளாளுக்கு உதவி கேட்பார்கள் என்கிறார்களே, என்ன செய்வது?
சபைப் பொருளாளர், நாகர்கோவில்

ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப் போகலாம், அதற்கு மேல் கார்டில். புது 100 டாலர், 50 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். சில்லறை டாலருக்கு அங்கே விலை குறைத்துக் கொடுப்பார்கள், பழைய வருஷத்து நோட்டையும் கிழிசலையும் தொடவே மாட்டார்கள். ஒரு டாலருக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஷில்லிங் வரும், முதல் நாள் எல்லோரும் தங்களை லட்சாதிபதியாக நினைத்துக்கொள்வார்கள். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஏர்டெல்லே இருக்கிறது. காய்கறிக் கடை வரை, போன் வழியாகப் பணம் அனுப்பும் மொபைல் மணியில்தான் நடக்கும். டிரஸ்ட் கணக்கிலிருந்து வெளிநாட்டில் செலவழிப்பதாக இருந்தால் முன்னாலேயே ஆடிட்டரிடம் பேசுங்கள், வரிவிலக்கில் கைவைத்துவிடும்.

உதவி கேட்பது பற்றி. அங்கே வெள்ளைக்காரர் ‘முசுங்கு’, நாம் ‘முயிண்டி’. இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1972-ல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்து விரட்டியது உங்களுக்குத் தெரியும். பிற்பாடு வந்த அரசு திரும்பி வரச் சொன்னது, பலர் வந்தார்கள். இன்றைக்கு சர்க்கரை ஆலை, பெரிய கடை என்றால் முதலாளி குஜராத்திக்காரராக இருக்கும். அதனால் நீங்கள் கடன் வாங்கி டிக்கெட் போட்டிருந்தாலும் பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு முதலாளி. மூன்றாம் நாள் ஒரு பையன் ஸ்கூல் பீஸ் சீட்டோடு வந்து நிற்பான். சீட்டு உண்மையாகவே இருக்கும், மனசு இளகும். கையில் கொடுக்காதீர்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மறுநாள் இருபது பேர், அதோடு யாருக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சண்டையை அந்தப் போதகர் வருஷக்கணக்கில் தீர்த்துக்கொண்டிருப்பார். “உங்கள் சபைக் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் முடிவு செய்வார்கள்” என்று சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
உபதேசியார், சாயர்புரம்

முதலில் மணி. அங்கே பேசும் லுகாண்டா மொழியில் பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள், நம் பாட்டன் காலத்து நாழிகைக் கணக்கு போல. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, எட்டு மணி இரண்டு மணி. “இரண்டு மணிக்கு வண்டி வரும்” என்று ஓட்டுநர் சொன்னதை நம்பி, மத்தியானம்தானே என்று சாவகாசமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்த குழுவை நான் போய்க் கிளப்பியிருக்கிறேன். “நம் கணக்கா, உங்கள் கணக்கா?” என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தமிழில் பேசி, ஒருவர் அதை இங்கிலீஷ் ஆக்கி, இன்னொருவர் அதை லுகாண்டா ஆக்கினால், இருபது நிமிஷப் பிரசங்கம் ஒரு மணி நேரம் ஓடும். இங்கிலீஷ் தெரிந்தவரே பேசட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக. சிலேடை, பழமொழி எதுவும் ஏறாது. எழுந்ததும் ‘ம்வெபாலே’ என்று நன்றி சொல்லுங்கள், ‘முஜெபலே கோ’ என்றும் சொல்லுங்கள். நீங்கள் செய்யும் வேலைக்கு நன்றி என்று அர்த்தம், வழியில் மண்வெட்டியோடு போகிற ஒருவருக்கும் அதையே ‘ஜெபலே கோ’ என்று சொல்வார்கள். சபையே கைதட்டும்.

மூன்றாவது, காணிக்கை. கிராமத்துச் சபையில் பணம் இல்லாதவர்கள் விளைந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். மட்டோக்கே என்ற சமையல் வாழைத்தார், காகிதத்தில் பொதிந்த முட்டை, கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். நம் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஒருவர் முட்டையை ஏலத்தில் எடுத்து மறுபடி காணிக்கையாகவே கொடுப்பார், அது திரும்ப ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை நாலு கை மாறியதை நான் பார்த்தேன், சிரிப்பும் கூச்சலும் தாங்காது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஏலத்தில், ஒரு சேவல் 30,000 ஷில்லிங்கில் நிற்கும்போது, நம் குழுத் தலைவர் எழுந்து 50 டாலர் என்றார். நல்ல மனசுதான். ஏலம் விட்டவர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார், பிறகு சேவலைக் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தார். அதற்கப்புறம் வந்த வாழைத்தாருக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்குப் பின்னால் ஐயாயிரம் என்று யார் கேட்பது? ஏலம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. நீங்களும் கேளுங்கள், ஆனால் முந்தின ஆள் கேட்டதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ ஏற்றுங்கள், பிறகு தோற்றுப்போங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? ஊறுகாய் கொண்டுபோகலாமா?
இல்லத்தரசி, மார்த்தாண்டம்

தாராளமாக. வாழைக்காயை இலையில் பொதிந்து அவித்து மசித்த மட்டோக்கே, மேலே வேர்க்கடலைக் குழம்பு, பீன்ஸ், சோறு. காரம் கிடையாது, அதுதான் ஒரே குறை. சப்பாத்தி தெருவுக்குத் தெரு உண்டு, முட்டை வைத்துச் சுருட்டினால் அதன் பெயர் ரோலெக்ஸ். தண்ணீர் கொதித்ததோ பாட்டிலோதான். ஆனால் அவர்கள் பரிமாறும்போது ஊறுகாய்ப் பாட்டிலை மேஜையில் எடுத்து வைக்காதீர்கள், அறைக்குப் போய் நக்கிக்கொள்ளுங்கள்.

தினமும் பேஸ்புக்கில் லைவ் போடுவதாக ஜெபப் பங்காளிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். டிரோனும் இருக்கிறது.
மீடியா பொறுப்பாளர், தூத்துக்குடி

டிரோனை வீட்டில் வையுங்கள். பாதுகாப்புத் துறை அனுமதியில்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள். பேஸ்புக்கை 2021 ஜனவரித் தேர்தலின்போது அரசு முடக்கியது, தேர்தல் முடிந்த பின்னும் திறந்துவிடவில்லை, அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட பேன்ட், தொப்பி அங்கே சாதாரண ஆள் போடக்கூடாது, உங்கள் வாலிபர்களிடம் நிச்சயம் ஒன்று இருக்கும். மூக்கொழுகும் குழந்தையை மடியில் வைத்து செல்பி எடுப்பதற்கு முன் அதன் அம்மாவைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை யாரோ அப்படி எடுத்தால் என்ன சொல்வீர்களோ அதையேதான் அவரும் நினைப்பார். சார்ஜருக்கு மூன்று செவ்வகக் கால் உள்ள பிளக் வேண்டும், நம் உருண்டைக் கால் நுழையாது.

வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆச்சரியம். அங்கே விபத்துதான் பெரிய ஆபத்து. போடாபோடா என்ற பைக் டாக்சியில் ஏறாதீர்கள். இருட்டியபின் நெடுஞ்சாலைப் பயணமும் வேண்டாம், எவ்வளவு அவசரமானாலும்.

12 பேர் டிக்கெட் செலவில் ஒரு கோயிலே கட்டலாமே. இந்தப் பயணம் எதற்கு?
பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருநெல்வேலி

நியாயமான கேள்வி, என் மனசிலும் பல தடவை வந்தது. சில சபைகள் அச்சடிக்கும் பேனரைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும், ‘இருளில் ஒளியேற்ற’ என்று. உகாண்டாவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். நம் பாளையங்கோட்டைக்கு 1820-ல் ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்தின் ஆட்கள் 1877-ல் புகாண்டாவுக்குப் போனார்கள். பத்து வருஷத்துக்குள் அங்கே இளைஞர்கள் உயிரோடு எரிக்கப்படும் அளவுக்கு விசுவாசம் பிடித்திருந்தது. ஜூன் 3 அவர்கள் நினைவாக நாடு முழுக்க விடுமுறை. அமீன் காலத்தில் 1977-ல் பேராயர் ஜனானி லுவும் கொல்லப்பட்டார். இவர்களுக்கு நாம் போய் என்ன விளக்கு ஏற்றுவது?

அதனால் போக வேண்டாமா என்றால், போகலாம், மூன்று நாலு பேராக, அவர்கள் கேட்ட வேலைக்கு. மே மாதம் நமக்கு லீவு என்பதற்காக மட்டும் கிளம்பாதீர்கள், மார்ச் முதல் மே வரை அங்கே மழை, மண் ரோட்டில் வண்டி புதையும். மிச்சப்படும் எட்டு டிக்கெட் காசில் அந்த ஊர் ஐயரையும் ஐயரம்மாவையும் இங்கே ஒரு மாதம் வரவழையுங்கள். நம் வாலிபர் கூட்டத்தில் அவர் நாலு ஞாயிறு பேசட்டும்.

புடவை கட்டலாமா? என் மருமகள் பேன்ட் போடலாமா?
பெண்கள் சங்கத் தலைவி, சாத்தான்குளம்

நகரத்தில் பேன்ட் பரவாயில்லை, கிராமத்துக் கோயிலுக்கு முழங்கால் மறைக்கும் பாவாடையாவது வேண்டும். புடவை ரொம்ப நல்லது அம்மா. அங்கே விசேஷத்துக்கு உடுத்தும் கோமெசி கணுக்கால் வரை வரும், தோளில் கூம்பு மாதிரி எழும்பி நிற்கும், இடுப்பில் அகலமாக ஒரு பட்டைத் துணி கட்டுவார்கள். அதை முதலில் தைத்தவர் கோம்ஸ் என்ற கோவாக்காரத் தையற்காரர், அவர் பெயர்தான் கோமெசி ஆனது என்று சொல்வார்கள். உங்கள் பட்டுப் புடவையைப் பார்த்துப் பெண்கள் கையால் தடவிப் பார்ப்பார்கள், எத்தனை முழம் என்று கேட்பார்கள். ஊக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக எடுத்துப் போங்கள், எங்களுக்கும் கட்டிவிடுங்கள் என்று அரை டஜன் பேராவது வந்து நிற்பார்கள்.